அக்டோபர் 14, இருநூறு பங்கு

பெர்கனில் மழை பெய்யாத நாளைத்தான்
நாட்காட்டியில் குறித்து வைப்போம்.
அன்று குறிக்க ஒன்றுமில்லை.
நூலகத்தின் நுண்படச்சுருள் அறைக்குள்
சொட்டும் குடையோடு வந்து நின்றாள்
இங்குன் த்வைட்.

கையில் இரண்டு தாள்.
ஒன்று, அண்ணன் ஐவின்ட் எழுதித் தந்த சீட்டு:
ஸ்டைன்ஹோல்ம் கப்பல் கம்பெனி,
இருநூறு பங்கு விற்றது, தலா 29.80 குரோனர்,
ஆக 5,960.
தேதி, 1996 அக்டோபர் 14.
மற்றது, கணினியிலிருந்து அச்சிட்ட விலை வரைபடம்.
அதே கம்பெனி. அதே தேதி.
298.00.

"பிரசவ வார்டில் கிடந்தேன்.
நம்பித்தான் விற்கச் சொன்னேன்.
ஐம்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பது."
மூச்சு விடாமல் சொன்னாள்.
வரைபடத்தைப் பார்த்த நாளிலிருந்து
பதினோரு ஆண்டாக
அந்த வீட்டில் அண்ணனுக்கு
அந்தத் தொகைதான் பெயர்.

நான் கோட்டைப் பார்த்தேன்.
ஒரு கீறல் இல்லை, ஒரு தையல் இல்லை.
தள்ளாடித் தள்ளாடி மூழ்கிய கம்பெனிக்கு
இவ்வளவு வழவழப்பான கடந்தகாலமா?
மூலையில் எறும்பு ஊர்வதுபோல் ஒரு சொல்:
சரிசெய்யப்பட்டது.

சொன்னேன்:
2003-இல் பங்கு சல்லிக்காசு ஆனபோது
பத்தை ஒன்றாகக் கட்டினார்கள்.
ஒரே இரவில் விலை பத்து மடங்கு.
யாரும் பணக்காரர் ஆகவில்லை,
சில்லறையை நோட்டாக மாற்றியதுபோல்தான்.
கோடு அந்த இடத்தில் எகிறக் கூடாதே என்று
பின்னோக்கி நடந்தது இயந்திரம்,
பழைய நாள் ஒவ்வொன்றையும்
பத்தால் பெருக்கிக்கொண்டே.
பொய்யில்லை அது.
நேற்றையும் இன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க
அப்படித்தான் வேண்டும்.
ஆனால் அந்த 298-க்கு
ஒருவரும் விற்றதில்லை, ஒருவரும் வாங்கியதில்லை.

அவள் நம்பவில்லை.
நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

சுருளை மாட்டினேன்.
அக்டோபர் 14 நாளிதழில் 14 இருக்காது,
வெள்ளிக்கிழமைதான் இருக்கும்;
செய்தித்தாள் எப்போதும்
ஒரு நாள் பழைய உண்மை.
வெள்ளி முடிவு விலை 28.50.
கைப்பிடியைச் சுற்றினேன்.
ஹெர்ரிங் விலை, வானிலை, ஒரு மரண அறிவிப்பு,
15-ஆம் தேதி, பங்குப் பக்கம்,
பேன் பார்ப்பதுபோல் குனிந்து
இருவரும் தேடினோம்.

ஸ்டைன்ஹோல்ம்.
உச்சம் 29.80.
தாழ்வு 29.80.
முடிவு 29.80.
எனக்கே புரியவில்லை, ஒரு நாள் முழுக்க
அசையாமல் நின்ற விலை.
விரலை அடுத்த கட்டத்துக்கு நகர்த்தினேன்.
கைமாறிய பங்குகள்:
200.

ஊரே, நாடே,
அன்றைக்கு அந்தக் கம்பெனியை மறந்திருக்கிறது,
தங்கையின் காகிதத்தோடு
யாரையோ தொலைபேசியில் பிடித்து
ஒரு பங்குக்கு ஒன்று முப்பது கூட்டிக் கேட்ட
ஒரே ஒருவனைத் தவிர.
அவன் பெற்றுத்தந்த விலையே
அன்றைய விலை.
சந்தை என்று அச்சில் நிற்பது
ஐவின்ட்தான்.

சீட்டின் பின்பக்கம் பென்சிலால்
இருநூறு பெருக்கல் இருபத்தொன்பது எண்பது
போட்டுப் பார்த்தாள்.
மறுபடி போட்டாள்.
பிறகு, "அடுத்த நாள்?"

16-ஆம் தேதித் தாளில்
கம்பெனியின் பெயர் எதிரே
ஒரு சிறு கோடு. வர்த்தகம் இல்லை.
அதற்கடுத்த நாளும் கோடு.
கணினி இதைக் காட்டாது;
கடைசி விலையை அப்படியே நீட்டி
இடைவெளியை மூடிவிடும்,
எல்லாரும் பேசிக்கொண்டே இருந்ததுபோல.

பிரதி எடுக்க எவ்வளவு என்றாள்.
தாளுக்கு நாலு குரோனர்,
சரிசெய்யாத விலை என்றேன்.
சிரிக்கவில்லை.
இரண்டு கேட்டாள்.
அஞ்சல் உறை கேட்கவில்லை.